இயற்கணிதம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு: பிள்ளைகளின் தப்பு விடையிலிருந்து நாம் கற்றுக்கொள்வது எப்படி

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்கு எடுக்கும் யாருக்கும் இது தெரிந்த காட்சிதான். 3x + 4 என்று கரும்பலகையில் எழுதி, இதற்கு மேல் சுருக்க முடியாது என்று இரண்டு முறை சொல்லியிருப்போம். சாயங்காலம் நோட்டுத் திருத்த உட்கார்ந்தால் வரிசையாக 7x, 7x, 7x. சிவப்பு மையில் ஒரு அடி, பக்கத்தில் சரியான விடை, அடுத்த நோட்டு. நான் பல வருடம் இப்படித்தான் திருத்தினேன். பணியிடைப் பயிற்சிகளுக்கும் ஒழுங்காகப் போனேன், கையேடு வாங்கி வந்தேன், ஆனால் அடுத்த வருடமும் அதே வகுப்பில் அதே 7x வந்துகொண்டே இருந்தது. என் பாடம் மாறத் தொடங்கியது அந்த 7x எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போன பிறகுதான்.

இந்த வழிமுறையில் நான் சொல்லப் போவது ஒன்றுதான்: இயற்கணித ஆசிரியருக்கு மிகச் சிறந்த பயிற்சிப் பொருள் அவர் மேசையிலேயே கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வேலை: தப்பு நோட்டு

ஒரு நூறு பக்க நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு, திருத்தும்போது பார்க்கும் தவறான விடைகளைப் பிள்ளை எழுதியபடியே, அடித்தல் திருத்தல் உட்பட, அதில் எழுதி வையுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம், வகுப்பும் தேதியும் போதும். போட்டோ எடுப்பதென்றால் பெயரை மறைத்துவிட்டு எடுங்கள். தினமும் ஐந்து தப்பு போதும், ஐம்பது வேண்டாம். ஐம்பது எழுத ஆரம்பித்தால் மூன்றாம் நாள் நோட்டு மூலைக்குப் போய்விடும்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. "கவனக்குறைவு", "அடிப்படை இல்லை", "மெல்லக் கற்பவர்" என்ற வார்த்தைகளை அந்த நோட்டில் எழுதக் கூடாது. எழுதினால் அங்கேயே யோசனை நின்றுவிடும். அதற்குப் பதிலாக "இந்த விடை சரியாக இருக்க வேண்டுமானால் பிள்ளை என்ன விதியைப் பின்பற்றியிருக்க வேண்டும்?" என்று கேட்டு, அந்த விதியை ஒரு வரியில் எழுதுங்கள். முதல் வாரம் சிரமமாகத்தான் இருக்கும். இரண்டாம் வாரம் முடிவதற்குள் ஐந்தாறு விதிகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்று நீங்களே பார்ப்பீர்கள்.

அந்த 7x-ஐயே எடுத்துக்கொள்வோம். ஐந்து வருடம் எண்கணிதம் படித்து வந்த பிள்ளைக்கு கூட்டல் குறி என்றால் ஒரு வேலை, வேலை முடிந்தால் ஒரே ஒரு எண் விடையாக வர வேண்டும். 3x + 4 என்று அப்படியே விட்டுவிடுவது அதற்கு பாதி வேலையில் எழுந்து போவது மாதிரி. அதோடு இன்னொன்றையும் பாருங்கள். 43 என்றால் 40-உம் 3-உம், 3½ என்றால் 3-உம் அரையும், அதாவது பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் கூட்டல் என்றுதான் அது இதுவரை பார்த்திருக்கிறது. திடீரென்று 3x என்றால் பெருக்கல் என்கிறோம். x = 5 என்று கொடுத்தால் 3x-க்கு 35 என்று எழுதும் பிள்ளை மக்கு இல்லை, இடமதிப்பை ஒழுங்காகப் படித்த பிள்ளை.

சமக்குறியும் அப்படித்தான். 8 + 4 = ☐ + 5 என்ற கேள்வியை உங்கள் ஆறாம் வகுப்பில் ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள். அமெரிக்காவில் இதை 145 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தபோது அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றுதான் சொன்னார்கள் என்று ஃபால்க்னர், லெவி, கார்ப்பென்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1999-இல் எழுதினார்கள். 7 என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சமக்குறி என்றால் "இதோ விடை வருகிறது" என்று படித்து வந்த பிள்ளையிடம் 3x + 4 = 2x + 9 என்று எழுதினால் அது என்ன செய்யும்? வலது பக்கத்தில் விடை இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு கணக்கு உட்கார்ந்திருக்கிறது. இது தெரிந்த பிறகு நான் ஆறாம் வகுப்பில் x என்ற எழுத்தைக் கொண்டுவருவதற்கு முன் ஒரு முழு வாரம் 15 = 9 + 6, 7 + 5 = 6 + 6, 20 − 3 = 17 என்று எல்லாத் திசையிலும் சமக்குறியை எழுதவைக்கிறேன். சிலபஸ் முடியாது என்று பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்பில் அந்த வாரம் திரும்பக் கிடைத்துவிடும்.

இரண்டாவது: பிள்ளையைக் கேட்பது

நோட்டில் எழுதிய விதி நம் ஊகம். சரிதானா என்று தெரிந்துகொள்ள அந்தப் பிள்ளையைக் கேட்க வேண்டும். மதிய இடைவேளையில் ஐந்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான். இதில் கஷ்டமான பகுதி, நாம் வாயை மூடிக்கொண்டிருப்பது.

"ஏன் இப்படிப் போட்ட?" என்று ஆரம்பித்தால் பிள்ளை உடனே ரப்பரைத் தேடும். நம் வகுப்பறைகளில் "ஏன்" என்ற கேள்விக்குத் திட்டு என்றுதான் அர்த்தம் ஆகிவிட்டது. அதனால் சரியாகப் போட்ட கணக்கில் ஒன்றும் தப்பாகப் போட்டதில் ஒன்றும் எடுத்து, இரண்டையும் "இதை எப்படிப் பண்ணுன, எனக்குச் சொல்லிக்காட்டு" என்று கேளுங்கள். பிறகு "தம்பி தங்கச்சிக்குச் சொல்லித்தரணும்னா எப்படிச் சொல்லுவ?" என்று கேளுங்கள். இடையில் திருத்தாதீர்கள். திருத்தம் அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் சேர்த்துச் செய்துகொள்ளலாம்.

−(x − 3) என்பதை −x − 3 என்று போட்ட ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் நான் இப்படிக் கேட்டபோது அவள் சொன்னது: "அடைப்புக்குறியைத் திறந்தா மைனஸ் உள்ள போகும் டீச்சர், உள்ளதான் ஏற்கெனவே ஒரு மைனஸ் இருக்கே, அதனால அது போதும்." விதியை அவள் மறக்கவில்லை. அவளுக்கு மைனஸ் ஒரு சாமான், ஒரு இடத்தில் ஒன்றுதான் இருக்க முடியும். இதற்கு நான் "மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ்" என்று நூறு தடவை எழுதவைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. x-க்கு 10 போட்டுப் பார்க்கச் சொன்னேன். −(10 − 3) என்பது −7. அவள் விடைப்படி −10 − 3, அதாவது −13. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் தானாகவே பேனாவை எடுத்தாள்.

எண் போட்டுப் பார்ப்பது என்ற இந்தப் பழக்கம் ஒன்றை மட்டும் வகுப்பில் ஊன்றிவிட்டால் பாதிப் பிழைகளைப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். (a + b)² = a² + b² என்று எழுதிய பையனிடம் 3-உம் 4-உம் போடச் சொல்லுங்கள், ஒரு பக்கம் 49, மறு பக்கம் 25. ஆனால் எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு எச்சரிக்கை: 0, 1, 2 வேண்டாம். x-க்கு 2 போட்டால் 2x-உம் x²-உம் இரண்டுமே 4 ஆகிவிடும், தப்பு சரி என்று உறுதியாகிவிடும். எண் போட்டுப் பார்த்தால் தப்பைக் கண்டுபிடிக்கலாம், சரி என்று நிரூபிக்க முடியாது என்பதையும் ஒன்பதாம் வகுப்பு வரும்போது பேசிவிட வேண்டும்.

மூன்றாவது: நம் வாயிலிருந்து வரும் வார்த்தைகள்

இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, எந்தப் பயிற்சியிலும் இதைப் பற்றி நான் போதுமான அளவு கேட்டதில்லை. ஒரு பாடத்தை உங்கள் போனில் பதிவு செய்து, வீட்டில் தனியாகக் கேட்டுப் பாருங்கள். குரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாம், என்ன வார்த்தைகள் சொல்கிறோம் என்று மட்டும் கவனியுங்கள்.

"பிளஸ் அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆயிடும்." நம்மில் சொல்லாதவர்கள் குறைவு. எதற்காக மைனஸ் ஆகிறது என்று பிள்ளை கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. அதனால்தான் 3x = 12 என்பதில் 3-ஐ அந்தப் பக்கம் அனுப்பி x = 12 − 3 என்று எழுதுகிறார்கள். எண் எங்கும் போவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம், அதனால் சமநிலை கெடுவதில்லை. ஒரு பருவம் முழுக்க "போகும்", "வரும்" என்ற வார்த்தைகளை நிறுத்திவிட்டு "இரண்டு பக்கமும் 5-ஐக் கழிக்கிறோம்" என்று முழுதாகச் சொல்லி, முழுதாக எழுதிப் பாருங்கள். ஒரு வரி கூடுதலாக ஆகும். தராசுப் படம் போடலாம், நல்ல உதவி, ஆனால் x + 5 = 2 வந்தவுடன் தராசு கைவிட்டுவிடும், குறை எண் எடையைத் தட்டில் வைக்க முடியாது. அந்த எல்லையையும் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடலாம்.

அடுத்து பழக்கணக்கு. 3a + 2b என்றால் மூன்று ஆப்பிள், இரண்டு வாழைப்பழம், அதனால் கூட்ட முடியாது என்கிறோம். அந்த நாளுக்கு வேலை நடந்துவிடும். ஆனால் a என்பது ஆப்பிள் என்றால் 3ab என்ன? a² என்ன? எழுத்து ஒரு பொருளுக்குச் சுருக்கெழுத்து என்று மனதில் பதிந்துவிட்டால் பின்னால் பெரிய சேதம். "ஒரு ஆசிரியருக்கு 30 மாணவர்கள் வீதம் உள்ள பள்ளியில் மாணவர் எண்ணிக்கை s, ஆசிரியர் எண்ணிக்கை t, சமன்பாடு எழுது" என்று பத்தாம் வகுப்பில் கேளுங்கள். 30s = t என்று பலர் எழுதுவார்கள், 30 மாணவர்களுக்கு ஒரு ஆசிரியர் என்று வாசித்துக்கொண்டு. இதே மாதிரிக் கேள்வியில் அமெரிக்கப் பொறியியல் மாணவர்களே கணிசமானோர் தடுக்கி விழுந்ததை 1980-களின் தொடக்கத்தில் ஜான் கிளமென்ட் என்ற ஆய்வாளர் எழுதியிருக்கிறார். எழுத்து என்பது ஆப்பிள் இல்லை, ஆப்பிளின் எண்ணிக்கை அல்லது விலை, அதாவது எப்போதும் ஒரு எண். "a ஆப்பிள்" என்று சொல்லாமல் "ஒரு ஆப்பிளின் விலை a ரூபாய்" என்று மாற்றிச் சொன்னால் போதும்.

தமிழ் வாக்கிய அமைப்பும் இதில் சேர்கிறது. "x-இலிருந்து 5-ஐக் கழிக்க" என்றால் x − 5, வார்த்தை வரிசையும் குறி வரிசையும் ஒன்றாக ஓடுகின்றன. "5-ஐ x-இலிருந்து கழிக்க" என்றாலும் x − 5 தான், ஆனால் இடமிருந்து வலமாக எழுதும் பிள்ளை 5 − x என்று போட்டுவிடும். வேற்றுமை உருபைப் பார்த்துப் படிக்கச் சொல்லித்தருவதும் கணக்கு டீச்சர் வேலைதான் என்று எனக்கு இதிலிருந்துதான் புரிந்தது. ஆங்கில வழிப் பிரிவில் இன்னும் சிக்கல், புத்தகம் ஒரு மொழியில், நம் விளக்கம் இன்னொன்றில், வரிசை இரண்டிலும் வேறு.

நம் கலைச்சொற்களே சில இடங்களில் உதவுகின்றன, சில இடங்களில் குழப்புகின்றன. முற்றொருமை என்ற சொல்லைப் பிரித்துக் காட்டினால், முற்றிலும் ஒன்று, எந்த எண்ணைப் போட்டாலும் இரு பக்கமும் ஒன்று என்று அர்த்தம் தானாக விரிகிறது. தன்மைகாட்டி (b² − 4ac) என்றால் மூலங்களின் தன்மையைக் காட்டுவது. ஆனால் "மாறி" என்ற சொல்லை x + 3 = 7 என்பதில் பயன்படுத்தும்போது ஒரு பிள்ளை கேட்கலாம்: "மாறின்னு சொல்றீங்க, ஆனா 4 மட்டும்தானே வருது?" நியாயமான கேள்வி. அங்கே அது தெரியாத எண். y = 2x + 1 என்று வரும்போதுதான் உண்மையில் மாறுகிறது. இந்த இரண்டையும் ஒரே பெயரில் நடத்துகிறோம் என்பதையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நான்காவது: நாமே கணக்குப் போடுவது

பி.எட். முடித்தபின் புதிதாக ஒரு கணக்கைப் போட்டு, தடுமாறி, கண்டுபிடித்த சந்தோஷம் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது? புத்தகத்தில் உள்ளதைத் திரும்பத் திரும்பப் போடுவது பயிற்சி ஆகாது. மாதத்துக்கு ஒன்று எடுத்துக்கொண்டு அதை மூன்று வழியில் போட்டுப் பாருங்கள்.

தொடங்க ஒன்று தருகிறேன். பாக்தாத்தில் ஒன்பதாம் நூற்றாண்டில் இருந்த அல்குவாரிஸ்மி கொடுத்தது: x² + 10x = 39. இதைச் சூத்திரம் இல்லாமல் காகிதத்தில் வெட்டிப் போடுங்கள். பக்கம் x உள்ள ஒரு சதுரம். 10x-ஐ இரண்டாகப் பிரித்து, x-க்கு 5 அளவுள்ள இரண்டு செவ்வகங்கள், சதுரத்தின் இரண்டு பக்கத்தில் ஒட்டுங்கள். மூலையில் 5-க்கு 5 அளவில் ஒரு ஓட்டை தெரியும். அதை நிரப்ப 25 வேண்டும், 39-உம் 25-உம் 64, அப்படியானால் பெரிய சதுரத்தின் பக்கம் 8, x என்பது 3. வர்க்கப் பூர்த்தி முறை என்று வருடக்கணக்காக நடத்திய எனக்கு "பூர்த்தி" எது என்று கண்ணால் தெரிந்தது அந்த மூலை ஓட்டையைப் பார்த்த அன்றுதான். அப்புறம் யோசியுங்கள்: −13 என்ற இன்னொரு மூலம் இந்தக் காகிதத்தில் ஏன் வரவில்லை? அல்குவாரிஸ்மிக்கும் அது வரவில்லை, நீளம் குறை எண்ணாக இருக்காது. அவருக்கு இருநூறு வருடம் முன்னாலேயே, 628-இல், பிரம்மகுப்தர் குறை எண்களைக் கடன் என்றும் மிகை எண்களைச் செல்வம் என்றும் வைத்து விதி எழுதிவிட்டார், கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம் என்பது உட்பட. ஏன் அப்படி என்று பிள்ளை கேட்டால் (−3) × 2, (−3) × 1, (−3) × 0 என்று இறங்கி வந்து அடுத்த படியை அதையே சொல்லவிடுங்கள்.

ஐந்தாவது: இன்னொரு ஆசிரியரோடு ஒரு பாடம்

தனியாக இவ்வளவு செய்யலாம். அதற்கு மேல் துணை வேண்டும். ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்து, பிறகு பேசும் வழக்கம் நீண்ட காலமாக இருக்கிறது, ஜுகியோ கென்க்யூ என்பார்கள். நமக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். உங்கள் பள்ளியில் இன்னொரு கணக்கு ஆசிரியர் இருந்தால் போதும், இல்லாவிட்டால் பக்கத்துப் பள்ளி ஆசிரியரோ உங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியரோ.

ஒரு பருவத்துக்கு ஒரு பாடம். தப்பு நோட்டிலிருந்து ஒரு விதியை எடுத்துக்கொள்ளுங்கள், அதை உடைக்க ஒரு பீரியடில் என்ன கேள்வி கேட்கலாம் என்று இருவரும் முன்கூட்டியே யோசியுங்கள், பிள்ளைகள் என்னென்ன விடை சொல்லக்கூடும் என்று பட்டியல் எழுதுங்கள். பாடக்குறிப்பில் இந்தப் பட்டியல்தான் உயிர். பார்க்க வருபவர் பின் பெஞ்சில் உட்கார்ந்து நம்மைப் பார்க்கக் கூடாது. மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் என்ன எழுதுகிறார்கள், எங்கே பேனா நிற்கிறது, எப்போது பக்கத்து நோட்டைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் குறிக்க வேண்டும். முடிந்தபின் பேசும்போது "நீங்க நல்லா எடுத்தீங்க", "போர்டு வேலை சரியில்ல" இரண்டும் வேண்டாம். "அந்த ரெண்டாவது பெஞ்சுப் பையன் இங்க நின்னுட்டான்" என்று ஆரம்பித்தால் ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி யாருக்கும் தோன்றாது, பேச்சு தானாக நீளும்.

பத்தாம் வகுப்பு எடுப்பவர்களுக்குத் தனியாக

பொதுத்தேர்வு இருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். எட்டு மதிப்பெண் வரைபடத்தையே எடுத்துக்கொள்வோம். y = x² − 4x + 3 வரைந்து x² − 6x + 9 = 0 தீர்க்க. பிள்ளைகள் அட்டவணை போட்டு, அளவுத்திட்டம் எழுதி, பரவளையத்தை அழகாக வரைந்துவிடுவார்கள். இரண்டையும் கழித்து y = 2x − 6 என்ற கோட்டையும் போடுவார்கள். x = 3 என்று எழுதி முழு மதிப்பெண் வாங்குவார்கள். "கோடு வளைவைத் தொடும் இடம் எப்படி விடை ஆச்சு?" என்று கேட்டால் வகுப்பு அமைதி. அந்தப் புள்ளியில் இரண்டு y-யும் ஒன்று, அதனால் x² − 4x + 3-உம் 2x − 6-உம் சமம், ஒரு பக்கம் கொண்டு சேர்த்தால் நாம் தீர்க்க வேண்டிய அதே சமன்பாடு. கோடு வெட்டாமல் தொட்டு மட்டும் போவதால்தான் மூலங்கள் இரண்டும் சமம், தன்மைகாட்டி 0. இதைச் சொல்லப் பத்து நிமிடம் ஆகும். எதிலிருந்து எதைக் கழிப்பது என்று பரீட்சையில் மறந்துபோகும் பிள்ளை, இது தெரிந்திருந்தால் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். ஹைடெக் லேபில் ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருளைத் திறந்து அந்த 9-ஐ 8 ஆக்கி, 10 ஆக்கிக் காட்டுங்கள், அதற்கேற்பக் கோடும் நகரும். 8 என்றால் இரண்டு இடத்தில் வெட்டும், 10 என்றால் தொடாமலே போகும்.

வெளியிலிருந்து எடுத்துக்கொள்ள

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கோ மாவட்டப் பயிற்சிக்கோ போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். தப்பு நோட்டிலிருந்து இரண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துப் போய், தேநீர் இடைவேளையிலாவது நாலு பேரிடம் "உங்க வகுப்புல இது வருதா?" என்று கேளுங்கள். பயிற்சி நடத்தும் கருத்தாளரிடமும் காட்டுங்கள், நல்ல கருத்தாளர் அதைப் பிடித்துக்கொள்வார். சென்னையிலிருந்து 1965 முதல் இயங்கும் ஏ.எம்.டி.ஐ. என்ற கணித ஆசிரியர் சங்கம் இதழ்கள் நடத்துகிறது. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் அட் ரைட் ஆங்கிள்ஸ் இதழ் ஆங்கிலத்தில், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பள்ளிக் கணக்கு ஆசிரியருக்கென்றே எழுதப்படுவது. நம் பாடநூலில் உள்ள இணையச் செயல்பாடு பக்கங்களையும் தாண்டிப் போகாமல் ஒருமுறை திறந்து பாருங்கள்.

வருடக் கடைசியில் நோட்டைப் புரட்டி, அடிக்கடி வந்த ஐந்து தப்புகளையும் அவற்றுக்கு எந்தக் கேள்வி வேலை செய்தது என்பதையும் இரண்டு பக்கத்தில் சுருக்கி எழுதுங்கள். அடுத்த ஜூனில் அந்தப் பிள்ளைகளை யார் எடுக்கப்போகிறாரோ அவர் கையில் ஒரு பிரதி கொடுங்கள். மாறுதல் கலந்தாய்வில் நீங்களே வேறு ஊருக்குப் போவதாக இருந்தால் கணக்கு பீரோவில் வைத்துவிட்டுப் போங்கள், புதிதாக வருபவர் கண்ணில் படும்படி மேல் தட்டில்.